வேங்கடமும் தணிகையும்: வடவெல்லை வழக்கு

சென்னைக்கு மேற்கே பாடியில் தொடங்கும் பெருவழி, அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் ஆகிய ஊர்களைக் கடந்து திருத்தணி மலையடியைச் சேர்கிறது. மேலும் சென்றால் நகரி, புத்தூர், ரேணிகுண்டா. அங்கிருந்து திருப்பதி மிக அருகில். இவ்வழியே செல்பவர் முருகன் குன்றைத் தமிழ்நாட்டில் காண்கிறார். திருமால் குன்றை ஆந்திரப் பிரதேசத்தில் காண்கிறார். 1911 முதல் ஒரே மாவட்டத்துக்குள் இருந்த இவ்விரு மலைகளும் இன்று இரு மாநிலங்களுக்கு உரியனவாய் நிற்பது எவ்வாறு? மாணவ நண்பர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. பழைய நூல்கள் சொல்லும் எல்லை ஒன்று, சட்டம் சொல்லும் எல்லை மற்றொன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வழக்கு நம் நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழர் தரப்பின் முதற்சான்று தொல்காப்பியப் பாயிரம். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என அது கூறுகிறது. சங்கப் புலவராகிய மாமூலனார், புல்லி என்னும் தலைவனுக்கு உரிய மலை வேங்கடம் என்று பாடுகிறார். அம்மலைக்கு அப்பால் வேறு மொழி வழங்கும் நாடு உண்டு என்பதும் சங்கப் பாடல்களால் அறியப்படும். ஆழ்வார்கள் இம்மலையைத் தமிழிற் பாடிப் போற்றினர். கல்வெட்டுச் சான்றும் சிறிதன்று. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ குலப் பெருந்தேவி திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி அளித்த செய்தி தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. திருமலைக் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பான்மை தமிழே. விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுகளும் பல தமிழில் உள்ளன.

ஆயினும் வழக்கறிஞர் ஒருவர் இங்கே ஒரு வினாவை எழுப்பக் கூடும். வேங்கடம் எல்லை என்றால், அம்மலை எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வேலியைக் காட்டி 'இதுவரை என் நிலம்' என்றால், வேலி யாருடையது? இவ்வினாவுக்குப் பாயிரத்தில் விடை தேடிப் பயனில்லை. 'குமரி நமதானாற்போல் வேங்கடமும் நமதே' என்று தமிழர் வாதிட்டனர். அழகிய வாதந்தான். ஆனால் 1953இல் அவ்வாதம் முழங்கிய காலத்தில், குமரிமுனையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் அது நம்மோடு இணைந்தது.

ஆந்திரர் தரப்பையும் கேட்போம். தெலுங்கு நாடு காளத்தி, ஸ்ரீசைலம், திராட்சாராமம் ஆகிய மூன்று சிவத்தலங்களுக்கு இடைப்பட்டது, அதனாலேயே திரிலிங்கம் எனப்பட்டது என்பது அவர்களது மரபு. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் பதினைந்தாம் நூற்றாண்டில் வேங்கடவன்மேல் பாடிய தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலிலேயே காக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபதாம் நூற்றாண்டில் திருப்பதியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பெரும்பாலோர் பேசிய மொழி தெலுங்கே.

இங்கு நாம் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தெலுங்கு மரபு தெற்கெல்லையாகக் கொண்ட காளத்தியும் தமிழ் மரபு வடவெல்லையாகக் கொண்ட வேங்கடமும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பவை. அந்தக் காளத்தியோ தேவாரம் பெற்ற தலம். தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் அதுவும் ஒன்று. பாடியிலுள்ள திருவலிதாயமும் ஒன்று. பழங்காலத்து எல்லை என்பது கோடு அன்று. இரு மொழிகளும் கலந்து வாழும் அகன்றதொரு நிலப்பரப்பு. அதன் நடுவே ஒரு கோட்டை இழுக்க முற்பட்டபோதே பூசல் பிறந்தது.

அக்கோட்டை முதலில் இழுத்தவர் புலவருமல்லர், வேந்தருமல்லர். 1911 ஏப்ரல் 1ஆம் நாள் ஆங்கில அரசு, வட ஆர்க்காடு மாவட்டத்தின் சித்தூர், திருப்பதி முதலிய தாலுகாக்களையும், கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும், திருத்தணி, புத்தூர் உள்ளிட்ட ஜமீன் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தது. ஆட்சி வசதியே அதன் நோக்கம். தமிழரும் தெலுங்கரும் ஒரே சென்னை மாகாணத்தில் வாழ்ந்த அந்நாளில் மாவட்ட எல்லையைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. இவ்வழக்கில் தொல்காப்பியத்தினும் வலியதாக நின்ற ஆவணம் இந்த அரசாணையே என்பது என் கருத்து.

1952 அக்டோபர் 19ஆம் நாள் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கி, டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். சில நாட்களில், சென்னை நகரம் நீங்கலாக ஆந்திர மாநிலம் அமையும் எனப் பிரதமர் நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் பதினொரு மாவட்டங்களும் பெல்லாரியின் மூன்று தாலுகாக்களும் கொண்டு அது பிறந்தது. அப்பதினொன்றனுள் சித்தூரும் ஒன்று. திருப்பதியோடு திருத்தணியும் சென்றது. மாவட்ட எல்லை ஒரே நாளில் மாநில எல்லையாயிற்று.

தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானம் அவர்கள் நடத்திய வடவெல்லைப் போராட்டம் இக்காலத்ததே. ஊர்தோறும் சென்று தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார் அவருக்குத் துணை நின்றார். மறியல்களும் சிறைவாசங்களும் நிகழ்ந்தன. போராட்டத்தின் தொடக்கத்தில் ஓங்கி ஒலித்தது வேங்கடத்தின் பெயர். முடிவில் கிட்டியது தணிகை.

சட்டம் என்ன சொல்கிறது? மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே உரியது. சம்பந்தப்பட்ட சட்டமன்றங்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அவற்றின் இசைவு கட்டாயமன்று. எனினும் இங்கு இரு அரசுகளும் உடன்பட்டு, எச். வி. படாஸ்கர் அவர்களை நடுவராக ஏற்றன. அவர் கையாண்ட அளவுகோல்கள் எளியவை: கிராமமே அலகு, அங்கே பெரும்பாலோர் பேசும் மொழி எது? அக்கிராமம் அம்மொழி மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சி உடையதா? பாயிரமும் பாசுரமும் கல்வெட்டும் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

அதன் அடிப்படையில் 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு வட்டார ஊர்களும், சேலம் மாவட்டத்துக் கிருஷ்ணகிரி தாலுகாவின் சில ஊர்களும் ஆந்திரத்துக்குச் சென்றன. தணிகையை நமக்கு மீட்டுத் தந்த அளவுகோலே வேங்கடத்தை நமக்கு மறுத்தது. ஒன்றனை மட்டும் ஏற்று மற்றொன்றை எதிர்க்க வழியிருக்கவில்லை.

எல்லா நாடுகளும் இவ்வாறு மலையினும் மொழியைப் பெரிதாக மதித்ததில்லை. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல், ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாயை இயற்கை எல்லையாகக் கொண்டு தென் டைரோல் பகுதியை இத்தாலிக்கு அளித்தனர். அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் செருமன் மொழியினர். அங்கே மலை வென்றது; மொழி தோற்றது. அதனால் விளைந்த மனக்கசப்பைத் தணிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பேச்சுகளும் தன்னாட்சிச் சட்டங்களும் வேண்டியிருந்தன. அதனோடு ஒப்பிட்டால் நம் வடவெல்லையில் ஏற்பட்ட முடிவு அமைதியானது என்றே கூறலாம். சத்தியவேட்டுத் தமிழரும் பள்ளிப்பட்டுத் தெலுங்கரும் இன்றும் எல்லைக்கு அப்பாலுள்ள சந்தைக்கும் திருமணத்துக்கும் சென்று வருகின்றனர்.

திருத்தணியின் தமிழ்த் தொன்மைக்கும் சான்றுகள் இல்லாமலில்லை. பல்லவன் அபராசிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் அங்கே வீரட்டானேசுவரர் கற்கோயிலை எழுப்பினார். அதனைக் குறித்த வெண்பா அரசனே பாடியது என்று கல்வெட்டு கூறுகிறது. அதற்கு அருகேயுள்ள வேளஞ்சேரியில் அபராசிதனுடைய செப்பேடும், அவனுக்குப் பின் அந்நிலத்தை ஆண்ட சோழன் பராந்தகனுடைய செப்பேடும் கண்டெடுக்கப்பட்டன. அவை மண்ணிலிருந்து வெளிவந்த ஆண்டு 1977. எல்லை வழக்கு முடிந்து அப்போது பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. முன்னமே கிடைத்திருந்தாலும், கிராமக் கணக்கைக் கையில் வைத்திருந்த நடுவர் அவற்றைப் படித்துப் பார்க்க வேண்டிய தேவை இருந்திராது.