தகப்பன் பெயரில் ஒரு இசைத்தட்டு: ‘அருளர்’ எப்படிக் கேட்கப்பட்டது?

2005ஆம் ஆண்டு, ஏ9 வீதி திறந்திருந்த காலம். லண்டனிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் மானிப்பாயில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு இறுவட்டை விட்டுவிட்டுப் போனார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. போட்டுப் பார்த்தேன். அடி, அதிர்வு, பாதி விளங்காத ஆங்கிலம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அப்பா “சத்தத்தைக் கொஞ்சம் குறை” என்றார். பிறகு உறையை எடுத்துப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தவர், “இது லங்கா ராணி எழுதின அருளரோ?” என்று கேட்டார்.

இந்த இசைத்தொகுப்பைப் பற்றி மேற்குலகில் எழுதப்பட்ட ஏராளமான பக்கங்களைப் பிற்பாடு, ஊடகக் கற்கைகள் படிக்கும்போது, தேடித்தேடி வாசித்தேன். அப்பாவின் கேள்வியில் தொடங்கிய ஒன்றைக்கூட நான் காணவில்லை.

அருளர் என்பது அருட்பிரகாசத்தின் இயக்கப் பெயர், எழுத்துப் பெயரும் அதுவே. எழுபதுகளில் லண்டனில் ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 வன்செயலுக்குப் பின் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்த கப்பலை வைத்து அவர் எழுதிய நாவல்தான் ‘லங்கா ராணி’. எங்கள் அப்பாவின் வயதுக்காரர் பலர் அதைக் கைமாறிக் கைமாறி வாசித்திருக்கிறார்கள்.

அவருடைய மகள் மாயா 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டார். தகப்பன் தலைமறைவு வாழ்க்கையில் இருந்தார். எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும் பிள்ளைகளுக்கு அவரை அப்பா என்று சொல்லவில்லை, மாமா என்றே சொன்னார்கள். எண்பதுகளின் நடுவில் தாய் கலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் திரும்பினார். தகப்பன் கூடப் போகவில்லை. மாயா ஓவியமும் திரைப்படமும் படித்து, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாட வந்தார். ‘மிஸ்ஸிங் இன் அக்ஷன்’ என்பதன் சுருக்கம் அது; களத்தில் காணாமல் போனவர். இலங்கையில் காணாமல் போன, தன் வயதேயான மச்சானைத் தேடியபோது பிறந்த பெயர் என்று அவரே பிறகு எழுதினார். அப்போது அவர் வசித்த லண்டன் பகுதியின் பெயர் அக்ரன் என்பதால் சொல் விளையாட்டும் சேர்ந்துகொண்டது.

முதல் தொகுப்புக்குத் தகப்பனின் பெயரை வைத்தார். எங்கிருந்தாலும் தன் பெயரைக் கண்டாவது தொடர்புகொள்வார் என்ற நினைப்பும் அதில் இருந்தது.

வெளிவந்ததும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ரோலண்ட் எம்.சி. 505 என்ற, மேசையில் வைக்கக்கூடிய ஒரு தாளக் கருவியில் அடித்தளம் போடப்பட்ட பாடல்கள் அவை. ஜமைக்கா, பிரேசில், லண்டன் தெரு ஓசை எல்லாம் ஒன்றாகக் கலந்து அதுவரை கேட்காத ஒன்றாக ஒலித்தன. பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. நியூயோர்க்கின் ‘விலேஜ் வொய்ஸ்’ அப்போது ஆண்டுதோறும் விமர்சகர்களிடையே நடத்திவந்த வாக்கெடுப்பில், கன்யே வெஸ்ற்றின் தொகுப்புக்கு அடுத்து, இரண்டாம் இடம். விற்பனை வேறு கதை: பிரித்தானியத் தரவரிசையில் 98ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

பாராட்டோடு விசாரணையும் வந்தது. அதே பத்திரிகையில் சைமன் றெய்னோல்ட்ஸ் இந்த இசைக்கு ஊர் எது, வேர் எது என்று சந்தேகித்து எழுதினார். றொபேர்ட் கிறிஸ்ற்கோ அவரை ஆதரித்தார். அவருங்கூட வாசகர்களுக்கு இலங்கை இனப்பிரச்சினையை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் ஒரு வரிக்காக ‘சன்ஷவர்ஸ்’ காணொளியை ஒளிபரப்ப எம்.ரி.வி. தயங்கியது. தகப்பன் புலி என்று பலர் எழுதினார்கள். ஈரோஸுக்கும் புலிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லைப்போல. எங்களுக்கு அந்த வேறுபாடு சின்ன விசயமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தின் ‘பிரைட்டன்ட் றபிட்’ குழு 2008இல் ‘த மிட்நைட் ஓர்கன் ஃபைட்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பாடகர் ஸ்கொட் ஹட்சிசனின் காதல் முறிவிலிருந்து வந்த பாட்டுகள். விமர்சகர்கள் மெச்சினார்கள், கேட்டவர்கள் அதைத் தங்கள் சொந்தத் துயரமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2018இல் அவர் இறந்தபின் அந்தப் பாடல்கள் இன்னும் கனமாகிவிட்டன. அவரிடம் யாரும் உன் நாட்டு அரசியலை விளக்கு என்று கேட்கவில்லை. ஒருவர் ஒருவரைப் பிரிந்தார், வலித்தது, பாடினார். அது போதுமாக இருந்தது. ‘அருளர்’ தொகுப்பும் பிரிவைப் பற்றியதுதான். அதில் பிரிந்தது காதலர் அல்ல, ஒரு குடும்பம். ஆனால் அதை ஒரு மகளின் கடிதமாக வாசிக்காமல், ஒரு அறிக்கையாக வாசித்து மதிப்பெண் போட்டார்கள்.

குற்றம் முழுவதும் விமர்சகர்களுடையது என்றும் சொல்லமாட்டேன். பாடல்களில் தகப்பனை நேரே விளிக்கும் இடம் என் காதுக்கு அகப்படவில்லை. கூச்சலும் பகிடியும் சவாலும்தான் நிறைய. சோகத்தைச் சோகமாகப் பாடும் பழக்கம் அவருக்கு இல்லை. தலைப்பை எடுத்துவிட்டால் கடிதம் என்றே தெரியாது.

எங்கள் ஆட்களின் வரவேற்பும் ஒரே மாதிரி இருக்கவில்லை. புலம்பெயர்ந்த இளையோருக்குப் பெருமை. மூத்தவர்கள் சிலருக்கு இது தமிழ்ப் பாட்டே இல்லை. அடுத்த தொகுப்பில் வந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ உலகமெங்கும் பரவியபோது, அமெரிக்காவில் வாழும் சிங்கள றாப் பாடகர் டிலோன் அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று குற்றஞ்சாட்டிக் காணொளி வெளியிட்டார். 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிரமி மேடையில் அவர் பாடியதை உலகம் பார்த்தது. வன்னியில் என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த எங்களில் எத்தனை பேர் பார்த்தோம்?

இந்தக் கட்டுரைக்காக, மகனைத் தேடிக்கொண்டிருக்கும் அயலட்டை மாமி ஒருவருக்குக் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. பெயரின் விளக்கத்தைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். “அந்தப் பிள்ளை ஆரைத் தேடுறா? கிடைச்சுதாமோ?” என்று கேட்டார். இருபது வருட விமர்சனங்களில் நான் தேடிய கேள்வி அது.

தகப்பனைப் பற்றி மட்டும் மாமிக்குப் பதில் சொல்ல முடிந்தது. தொகுப்பைப் பற்றிப் பத்திரிகையில் கண்டு அருளர் மின்னஞ்சல் அனுப்பினார். பெருமையாக இருக்கிறது என்றவர், தலைப்பை மாற்றச் சொல்லியும் கேட்டார். மகள் மாற்றவில்லை. 2007இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயரை வைத்தார், ‘கலா’. பிள்ளைகளை வளர்த்தவர் அவர்தானே. ஸ்ரீவ் லவ்றிஜ் இயக்கி 2018இல் வெளியான ஆவணப்படத்தில், மாயா தானே எடுத்துவைத்த குடும்பக் காட்சிகள் நிறைய வருகின்றன. ‘அருளர்’ தொகுப்பை இனிக் கேட்கப்போகிறவர்கள் அந்தப் படத்தை முதலில் பார்ப்பது நல்லது என்பேன்.

2019 டிசம்பரில் அருளர் காலமானார். செய்தியை வாசித்துவிட்டு அப்பா, அந்த இறுவட்டு இன்னும் கிடக்கிறதா என்று கேட்டார். கிடந்தது, போட்டுக் கேட்க வீட்டில் கருவிதான் இல்லை. யூரியூப்பில் எடுத்துக் கொடுத்தேன். இந்தமுறை நான்கு பாட்டு வரை கேட்டார். பிறகு சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.