பிரிந்தபின் பாடியவை

1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள். ஸ்வீடன் நாட்டின் தென்கோடி மாநிலமாகிய ஸ்கோனேயில் வேரும் என்றொரு சிற்றூர். அவ்வூர் ஆலயத்தில் ஒரு திருமணம். மணமகன் பியோர்ன் உல்வேயஸ். மணமகள் அக்னெத்தா ஃபெல்ட்ஸ்கூக். இருவரும் அந்நாட்டில் ஏற்கெனவே பெயர்பெற்ற பாடகர்கள். ஆலயத்தின் ஆர்கன் முன் அமர்ந்து மணவிழாவுக்கு இசைத்தவர் மணமகனின் தோழர் பென்னி ஆண்டர்சன். பென்னியும், ஃபிரீடா என்று அழைக்கப்பெற்ற ஆன்னி-ஃபிரிட் லிங்ஸ்டாடும் அப்போதே இணைந்து வாழத் தொடங்கியிருந்தனர். 1978 அக்டோபரில் அவர்களும் ஆலயத்தில் மணம் புரிந்துகொண்டனர். இந்த நால்வர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்ததே 'அபா' என்னும் இசைக்குழுவின் பெயர்.

1981 நவம்பர் 30 அன்று இக்குழுவின் எட்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. 'தி விசிட்டர்ஸ்' என்று பெயர். 'வருகையாளர்கள்' எனத் தமிழில் சொல்லலாம். அதற்குள் இரண்டு மணவாழ்வுகளும் முறிந்துபோயிருந்தன. ஆயினும் இசையமைத்தவர்களும் பாடியவர்களும் அதே நால்வர்தாம். இல்லற உறவின்மேல் எழுந்த ஒரு பணி, அந்த உறவு அற்றுப்போனபின் எதனால் நிற்கிறது? அதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க இந்த இசைத்தட்டு இடம் தருகிறது.

குழுவின் பெயரைப் பற்றி ஒரு சொல். திருவிவிலியத்தில் இயேசு தந்தையை அழைக்கும் அரமேயச் சொல்லை நினைத்து நம் வாசகர் சிலர் மகிழக்கூடும். அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையில் அந்தப் பெயரில் ஸ்வீடனில் மீன் பதனிட்டு டப்பாவில் அடைத்து விற்கும் நிறுவனம் ஒன்று முன்பே இருந்தது. அதன் இசைவைப் பெற்றுத்தான் இவர்கள் அப்பெயரைச் சூடிக்கொண்டார்கள்.

1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 'வாட்டர்லூ' என்ற பாடலால் இவர்கள் வென்றதும், உலகின் பெரும்பகுதி இவர்களை அறிந்துகொண்டதும் பலரும் அறிந்த செய்தி. அதே ஆண்டின் சனவரி முதல் நாளில் ஸ்வீடனில் நடைமுறைக்கு வந்த புதிய மணமுறிவுச் சட்டத்தை அந்த அளவுக்கு எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. குற்றம் யாருடையது, காரணம் என்ன என்று எவரும் நிறுவ வேண்டியதில்லை என்றது அச்சட்டம். தம்பதியரில் ஒருவர் இசையாவிடினும், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருப்பினும், ஆறு மாதம் சிந்திக்க அவகாசம், அவ்வளவே. சட்டம் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டது. ஆனால் மனித உள்ளம் அந்தக் கேள்வியை நிறுத்திவிடுவதில்லை. நீதிமன்றத்தில் சொல்லத் தேவையற்றுப்போன காரணங்கள் வேறெங்கோ போய்த் தங்கத்தானே வேண்டும்? இந்த நால்வரைப் பொறுத்தவரை அவை பாடல்களில் போய்த் தங்கின என்றே நாம் எண்ணுகிறோம்.

பியோர்ன்–அக்னெத்தா இணையரின் பிரிவு 1979 சனவரியில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1981 சனவரியில் பியோர்ன் மறுமணம் செய்துகொண்டார். பிப்ரவரியில் பென்னியும் ஃபிரீடாவும் பிரிவதாக அறிவித்தனர். அடுத்து வந்த மார்ச்சிலேயே, ஸ்டாக்ஹோமில் பழைய விளையாட்டு மாளிகை ஒன்றில் 1978இல் அமைக்கப்பெற்ற 'போலார்' ஒலிப்பதிவுக் கூடத்தில், புதிய இசைத்தட்டின் பணி தொடங்கியது. இடைவெளி ஒரு மாதம். அந்த ஆண்டு முடிவதற்குள் பென்னியும் வேறொருவரை மணந்திருந்தார். அக்கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு ஒருபுறம் முன்னாள் கணவர்களும் மறுபுறம் முன்னாள் மனைவியருமாக நின்ற காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒவ்வொருவரும் தமக்குள் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

இக்குழுவின் தொழில்முறையில் ஒரு தனித்தன்மை உண்டு. இசையைப் பென்னியும் பியோர்னும் சேர்ந்து அமைப்பார்கள். சொற்களை இந்தக் காலத்தில் பியோர்ன் தனியே எழுதுவார். பாடுவோர் பெரும்பாலும் அந்த இரு பெண்கள். மகிழ்ச்சியான நாள்களில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிரிவுக்குப்பின் நிலைமை வேறு. மணமுறிவின் துயரை எழுதுகிறவர் ஆண். அதைத் தன் துயராகப் பாட வேண்டியவள் பெண். 1980இல் வெளிவந்த 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' என்ற பாடலில் இது முதன்முதலில் வெளிப்படையாகத் தெரிந்தது. அதில் சொல்லப்பட்டவை அப்படியே நடந்தவை அல்ல என்று பியோர்ன் பின்னாளில் பலமுறை விளக்கியிருக்கிறார். இருக்கலாம். பிரிந்த தம்பதியர் இருவரையும் தனித்தனியே கேட்டிருப்பவர்கள் நாம். ஒரே நிகழ்ச்சி இருவர் வாயில் இரு கதைகளாவதை அறிவோம். இங்கேயோ கதை ஒன்று. சொல் ஒருவருடையது, குரல் மற்றவருடையது. இதை நீதி என்பதா, அநீதி என்பதா? அக்னெத்தா அப்பாடலைப் பாட மறுக்கவில்லை. அவர் பாடியிராவிட்டால் அச்சொற்களுக்கு அந்த எடை வந்திராது. எழுதியவரின் கையைவிட்டுப் பாடல் பாடுகிறவளுக்குச் சொந்தமாகிப் போவதை அதில் கேட்கிறோம்.

1981 மார்ச்சில் முதலில் பதிவான பாடல்களுள் ஒன்று 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்'. பென்னி–ஃபிரீடா பிரிவை உள்ளத்தில் கொண்டு பியோர்ன் எழுதியது, பாடியவர் ஃபிரீடா, இசை பென்னியும் பியோர்னும் சேர்ந்து அமைத்தது. புலம்பல் பாட்டு என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். நிமிர்ந்த நடையில், ஏறக்குறைய மிடுக்கோடு செல்கிறது அது. பழி சொல்வதில்லை, பாவம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வதுமில்லை. அமெரிக்காவில் தனிப் பாடலாக வெளிவந்து 27ஆம் இடம்வரை சென்றது. பல ஆண்டுகளுக்குப்பின், 2008இல் வந்த 'மம்மா மியா' திரைப்படத்தில், திருமண விருந்தொன்றில் பாடும் மகிழ்ச்சிப் பாட்டாக இதை வைத்தார்கள்! பாடலின் பிறப்பை அறிந்தவருக்கு அந்த இடத்தில் சிரிப்பதா, வருந்துவதா என்று புரியாது.

ஆனால் இந்த இசைத்தட்டில் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' என்ற பாடல்தான். பள்ளிப் பையோடு காலையில் புறப்பட்டுச் செல்லும் மகளைப் பார்த்து நிற்கும் தாயின் எண்ணங்கள் அதில் உள்ளன. 1973இல் பிறந்த தம் மகள் லிண்டா பள்ளிக்குச் செல்வதைக் கண்டபோது பியோர்னுக்குத் தோன்றியது அந்தக் கரு. கண்டவர் தந்தை. பாட்டில் பேசுவதோ தாய். பாடியவர் அந்தக் குழந்தையைப் பெற்ற அக்னெத்தா. இருவருக்கும் இடையே திருமணம் இல்லை; ஒரே வீடு இல்லை; குழந்தை மட்டும் இருந்தாள். கணவன் மனைவி என்ற உறவு தீர்ந்துபோகலாம் என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்லலாம். தாய், தந்தை என்ற உறவு மணமுறிவால் தீர்ந்துபோவதில்லை. தன் கண்டதை அவள் குரலில் எழுதித் தந்த தந்தையின் செயலில் ஒரு வகை ஒப்புதல் இருக்கிறது: இந்தக் குழந்தையைப் பற்றிய துயரில் நம் இருவருக்கும் இன்னும் பங்கு உண்டு என்பது. இதனினும் எளிய மெட்டு இந்தத் தட்டில் வேறில்லை. பின்னாளில் மேடை நாடகத்திலும் திரைப்படத்திலும், திருமணத்துக்கு மகளை அலங்கரிக்கும் தாய் பாடுவதாக இது இடம்பெற்றது. அங்கே அது பொருத்தமாகவே அமைந்தது.

வீட்டுத் துயரங்களோடு இந்தத் தட்டு நின்றுவிடவில்லை. முதற்பாடல், தட்டுக்குப் பெயர் தந்த பாடல், கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சி உள்ளே ஒடுங்கியிருப்பவரின் குரல். சோவியத் நாட்டில் ஆட்சியாளரோடு மாறுபட்ட கருத்துடையோர் மறைவாகக் கூடியதும், காவலர் வருவரோ என்று நடுங்கியதும் அதன் பின்னணி என்று பியோர்ன் பிற்பாடு தெளிவுபடுத்தினார். அதைப் பாடிய ஃபிரீடாவின் பிறப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நார்வேயை செர்மானியப் படை பிடித்து வைத்திருந்த காலத்தில் அங்கு வந்த போர்வீரர் ஒருவருக்கும் நார்வேப் பெண்ணுக்கும் மகளாகி, போர் முடிந்த 1945இல் பிறந்தவர் அவர். பகைவனின் பிள்ளை என்ற ஏச்சுக்கு அஞ்சி, பாட்டி அவரை ஸ்வீடனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அந்நியர் கதவைத் தட்டுவது அவர் குடும்பத்துக்குக் கற்பனை அன்று.

'சோல்ஜர்ஸ்' என்ற மற்றொரு பாடல் போர்வீரர்களின் நடையொலியைக் கேட்டு அஞ்சுவது. இந்தத் தட்டு வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1981 அக்டோபர் 27 அன்று, சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஸ்வீடனின் கார்ல்ஸ்குரோனா கடற்படைத் தளத்துக்கு அருகே பாறையில் மோதித் தரைதட்டியது. பத்து நாள் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தட்டு வந்து இரண்டு வாரத்தில், டிசம்பர் 13 அன்று, போலந்தில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஆட்டப்பாட்டுக்காரர் என்று அறிஞர் பலர் ஒதுக்கிவைத்த குழு, அந்த ஆண்டின் அச்சத்தைச் செய்தித்தாள்களுக்கு முன்பே செவியில் வாங்கியிருந்தது.

தட்டின் உறையும் கவனிக்கத்தக்கது. ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பெற்றுள்ள ஓவியர் யூலியஸ் குரோன்பெர்க்கின் பணியறையில் எடுத்த படம் அது. மங்கிய ஒளி, பின்னால் ஏரோஸ் என்னும் காதல் தேவனின் பெரிய ஓவியம், நால்வரும் விலகி விலகி, ஒருவரையொருவர் பாராமல். காதல் தேவன் மட்டும் சிறகோடு நடுவில் நிற்கிறான். விளக்கம் தேவையில்லை.

ஒலிப்பதிவு முறையிலும் இது ஒரு மாற்றத்தின் நடுவே நின்றது. முதல் சில பாடல்கள் வழக்கமான ஒலிநாடாவில் பதிவாயின. பின் கூடத்துக்கு 32 தடங்கள் கொண்ட டிஜிட்டல் பதிவுக் கருவி வந்து சேர, எஞ்சியவை அதில் பதிவாயின. அந்த இரண்டாம் வகைப் பாடல்களில் ஒலி தெளிவானது. ஆனால் குளிர்காலக் கண்ணாடி போலச் சற்றுச் சில்லிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், செர்மனியின் ஹானோவருக்கு அருகில் லாங்கென்ஹாகன் ஆலையில் விற்பனைக்கான குறுந்தகடுகள் முதன்முதலாக அச்சானபோது, முதலில் அச்சேறியது இந்தத் தட்டே என்று ஃபிலிப்ஸ் நிறுவனம் கூறுகிறது.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்லமாட்டோம். 'டூ ஃபார் தி பிரைஸ் ஆஃப் ஒன்' என்பது வெறும் விளையாட்டு. இந்த வரிசையில் ஏன் வந்ததென்றே தெரியவில்லை. 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' பழைய வெற்றிகளின் நிழல். பிரிட்டனில் அது 25ஆம் இடத்தோடு நின்றது. கடைசிப் பாடலில் ஃபிரீடாவின் குரல் மட்டுமே; கூட ஒரு கடிகாரத்தின் 'டிக் டிக்' ஓசை. பல விதமாக இசைக்கோப்பு செய்து பார்த்து, எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கடைசியில் இவ்வளவே போதும் என்று முடிவுசெய்தார்கள். இரு பெண்குரல்கள் இழைந்து எழுவதே தன் அடையாளமாகக் கொண்ட குழு, ஒற்றைக் குரலோடு தட்டை முடித்தது.

இது இறுதித் தட்டு என்று அப்போது எவரும் அறிவிக்கவில்லை; அவர்களும் அப்படி முடிவு செய்திருக்கவில்லை. 1981 டிசம்பரில் ஆங்கில நாடகப் பாடலாசிரியர் டிம் ரைஸ் ஸ்டாக்ஹோமுக்கு வந்து பியோர்னையும் பென்னியையும் சந்தித்தார்; 1986இல் மேடையேறிய 'செஸ்' என்ற இசை நாடகத்தின் விதை அது. 1982இல் புதிய தட்டுக்கென்று கூடிச் சில பாடல்களைப் பதிவு செய்து, பாதியில் விட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஸ்டாக்ஹோமிலிருந்தபடியே தோன்றியது கடைசி. பிரிவு அறிக்கை எதுவும் இல்லை. மணவாழ்வுகளின் முடிவுக்கு அறிவிப்புகள் இருந்தன. பணியின் முடிவுக்கு இல்லை.

நாற்பது ஆண்டு கழித்து, 2021 நவம்பர் 5 அன்று, நால்வரும் எழுபது வயதைக் கடந்த நிலையில், 'வோயேஜ்' என்ற புதிய இசைத்தட்டு வந்தது. அதில் பிரிந்துவிட்ட தாய் ஒருத்தி, வார இறுதிக்காகத் தன் சிறுவனை அவன் தந்தையிடம் விட்டுவிட்டு வருவதைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. சொற்கள் பியோர்னுடையவை; குரல் அக்னெத்தாவுடையது.