பலவாய் நிற்கும் மூலம்: அச்சோவியமும் திருகோணமலையும்

பிரெட்ரிக் கோட்டையின் வாயில் நிலைக்கல்லில், இணைக் கயற் பொறிப்போடு சிதைந்த தமிழ்ச் செய்யுள் வரிகள் இருப்பதைத் திருகோணமலையார் நன்கறிவர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை இது. கல் பெயர்க்கப்பட்டது, வரிகள் அறுந்தன. இத்தகைய கல்லிலிருந்து எழுத்தை மீட்கக் கல்வெட்டாய்வாளர் கையாளும் வழி மைப்படி எடுத்தல். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் தாளை இறக்குவர். பின்னர் மையொற்றியால் மேற்றளத்தில் மட்டும் மை ஏற்றுவர். கறுப்பு நிலத்தில் வெள்ளெழுத்து எழும். இப்படி எத்தனை படி எடுத்தாலும் ஒவ்வொன்றும் கல்லைத் தொட்டு எழுந்ததுதான். எந்தப் படியையும் போலி என்று யாரும் தள்ளுவதில்லை.

நவீன ஓவியர் ஒருவரின் அச்சோவியங்கள், அதாவது தகட்டிலோ கல்லிலோ வரைந்து தாளில் அச்சிட்டெடுத்த படங்கள், காட்சிக்கு வரும்போது பார்வையாளர் முதலில் கேட்பது, “இது மூலமா, பிரதியா?” என்பதே. படத்தின் அடியில் பென்சிலால் 7/50 என்று எழுதியிருப்பதைக் கண்டதும் ஐயம் கூடுகிறது. ஐம்பது இருக்கிறதென்றால் இதற்கு ஏன் இந்த விலை? ஒன்றுதான் மூலம் என்றால் மற்ற நாற்பத்தொன்பதும் எவை? மைப்படி பழகிய சமூகத்துக்கு இதற்கு விடை எட்டாததன்று. அச்சோவியத்தில் மூலம் பலவாய் நிற்கிறது. ஒற்றைப் பொருள்களைத் திரும்பத் திரும்ப இழந்த நம்மைப் போன்ற ஊர்களுக்கு வேறெந்தக் கலையைவிடவும் இது பொருத்தமானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தகடு தேய்வதும் எண் பிறப்பதும்

செப்புத் தகட்டில் ஊசியால் நேரே கீறி வரையும் முறையில், கீறலின் இரு கரையிலும் உலோகப் பிசிறு எழுந்து நிற்கும். அப்பிசிறு பிடிக்கும் மைதான் கோட்டுக்கு மென்மையான நிழலைத் தருகிறது. அச்சுப்பொறியின் உருளை தகட்டை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பிசிறு நசியும். சில பத்துப் படிகளுக்குள் நிழல் போய்விடும். அமிலத்தால் அரித்தெடுக்கும் எச்சிங் தகடு இன்னும் நெடுநாள் உழைக்கும். ஆயினும் அதுவும் தேயும். ஆகவே பதிப்பின், அதாவது ஒரே தகட்டிலிருந்து எடுக்கும் படிகளின் தொகுதியின், எல்லையை முதலில் வகுத்தது தகட்டின் ஆயுளே. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செப்புத் தகட்டின்மேல் மின்பகுப்பால் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றும் வழி வந்தது. இனி ஆயிரக்கணக்கில் அச்சிடலாம் என்றானபோது, எத்தனை அச்சிடுவது என்பது ஓவியரின் முடிவாயிற்று. 1880களில் ஓவியர் விஸ்லர் தம் எச்சிங் படிகளில் பென்சிலால் வண்ணத்துப்பூச்சிக் குறியிட்டு விற்றார். கையொப்பமும் எண்ணும் சேர்ந்து எழுதும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

மேல் எண் அந்தப் படியையும் கீழ் எண் பதிப்பின் மொத்தத்தையும் குறிக்கும். 1/50 என்பது 50/50ஐவிட உயர்ந்ததென்று வாங்குவோரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. எண்ணிடுவது பெரும்பாலும் எல்லாம் காய்ந்து அடுக்கிய பின்னர் ஆதலால், அச்சிட்ட வரிசைக்கும் எண்ணின் வரிசைக்கும் தொடர்பு இருக்கவேண்டியதில்லை. எண்ணுக்கு உட்படாத சில படிகளை ஓவியர் தமக்கென வைத்துக்கொள்வார். அவை ஓவியர் படிகள். பதிப்பு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி, அந்தக் கீறலோடு ஒரு படியும் எடுத்து வைப்பதுண்டு. இனி அச்சிடேன் என்பதற்கு அந்தப் படியே சாட்சி.

இந்த ஒழுங்கின் பெயரைத் தாங்கி இன்று வேறொன்றும் விற்பனைக்கு வருகிறது. திரைச்சீலையில் தீட்டிய ஓவியத்தைப் படமெடுத்து, கணினி அச்சுப்பொறியில் எடுத்து, அதற்கும் எண்ணிட்டு, ‘வரையறுத்த பதிப்பு’ என்பார்கள். அழகான நகல் என்று அதை வாங்குவதில் தவறில்லை. அச்சோவியம் என்று வாங்கினால் ஏமாற்றமே. அச்சோவியம் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ பட்டுத்திரையிலோதான் முதன்முதலாகப் பிறக்கிறது. அதற்கு முன்னே வேறு மூலம் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வணிக அச்சின் நால்வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். உலோகத் தகட்டில் எடுத்த படியிலோ படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் விரலுக்கே தட்டுப்படும்.

கோட்டையிலிருந்து பார்த்த துறைமுகம்

நம் துறைமுகம் அச்சோவியத்துக்குப் புதியதன்று. 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்துச் சாமுவேல் டானியல் என்ற இளம் ஓவியர் இலங்கைக்கு வந்தார். இந்தியக் காட்சிகளால் புகழ்பெற்ற தாமஸ் டானியல் இவருடைய சிறிய தந்தை. வில்லியம் டானியல் தமையன். சாமுவேல் இத்தீவின் காடுகளிலும் கரைகளிலும் அலைந்து வரைந்து, 1811இல் இங்கேயே இறந்தார். அவருடைய இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டும் 1808இல் இலண்டனில் அக்வாடின்ட் அச்சுகளாக வெளியாயின. அவற்றுள் ஒன்று ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்து காணும் திருகோணமலைத் துறைமுகம்.

அக்வாடின்ட் நீர்வண்ணத்தின் சாயலைத் தகட்டில் கொண்டுவரும் முறை. தகட்டின்மேல் குங்கிலியம் போன்ற பிசின்தூளைத் தூவிச் சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அமிலம் துகள்களின் இடுக்குகளில் மட்டும் அரிக்க, தகடு சொரசொரப்பாகி மையைப் பிடிக்கும். அரிக்கவிடும் நேரம் கூடக்கூட நிழல் கருக்கும். வானமும் கடலும் மலைச்சரிவும் கோடின்றித் தோன்றுவது இதனால்தான். தகட்டில் வரைந்தது தாளில் இடம்வலம் மாறி விழும் என்பதால், செதுக்குபவர் காட்சியைக் கண்ணாடிப் பிம்பமாக வரையவேண்டும். இல்லையேல் துறைமுகத்தின் வாய் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

இப்படத்தில் கவனிக்கவேண்டியது ஓவியர் நின்ற இடம். உட்துறைமுகத்தைக் காக்கப் பீரங்கிகள் நின்ற குன்று அது. கப்பல்கள் எங்கே ஒதுங்கும், எவ்வழியே நுழையும் என்று கணக்கிடும் கண் நிற்கக்கூடிய உயரம். அச்சான இடம் இலண்டன். வாங்கியோர் அங்குள்ள செல்வர். கொட்டியாரத்திலோ கிண்ணியாவிலோ தோணி தள்ளியவன் இப்படத்தைக் கண்டிருக்க வழியில்லை. அச்சு நம் ஊரைப் பலவாக்கியது. அந்தப் பலவற்றில் ஒன்றுகூட நம் ஊருக்கென்று எண்ணப்படவில்லை.

எண்ணில்லாத படங்கள்

ஊர்மக்கள் கைக்கு வந்த அச்சு வேறு. ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அடித்த இலக்குமியும் சரசுவதியும் வீடுதோறும் சென்றனர். பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி நாட்காட்டிகளாகப் பரவினர். இப்படங்களுக்கு எண் கிடையாது. கையொப்பத்தைத் தேடுவாரும் இல்லை. பூசையறையில் சாத்திய சந்தனமும் குங்குமமுமே ஒரு படியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டின. அச்சுப்படம் என்றாலே மலிவு என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றியதற்கு இந்தப் பெருக்கமும் ஒரு காரணம். கலை விமரிசகர் நெடுங்காலம் இவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஓர் ஏழை வீட்டுச் சுவரிலும் ஓவியம் இருக்கலாம் என்று முதலில் காட்டியவை இவையே.

நவீனர் இருவர்

கோட்டைப் பார்வைக்கும் பூசையறைப் படத்துக்கும் அப்பால், அச்சையே தம் மொழியாக்கிக்கொண்ட நவீனர் வந்தனர். கிருஷ்ணா ரெட்டி (1925–2018) சாந்திநிகேதனில் பயின்று, 1940களின் இறுதியில் சென்னைக் கலாசேத்திரத்தில் ஓவியம் கற்பித்தவர். பாரிசில் ஹெய்ட்டர் நடத்திய ‘அத்தெலியே 17’ பட்டறையில் சேர்ந்து, சக ஓவியர் கைக்கோ மோத்தியுடன் ஒரு புதுமுறையை வளர்த்தெடுத்தார். அதுவரை பல வண்ணம் வேண்டுமெனில் பெரும்பாலும் பல தகடு வேண்டும். ரெட்டி ஒரே தகட்டைச் சிற்பம்போல வெவ்வேறு ஆழத்தில் குடைந்தார். ஆளிவிதை எண்ணெய் கலந்து மைகளின் இளக்கத்தை மாற்றினார். கடின உருளை மேற்றளத்தை மட்டும் தொடும். மென்மையான உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எண்ணெய் மிகுந்த மையும் குறைந்த மையும் ஒன்றையொன்று விலக்கியோ ஏற்றோ நிற்கும். ஒரே அழுத்தத்தில் எல்லா வண்ணமும் தாளுக்கு வரும். அவருடைய 1963ஆம் ஆண்டுச் ‘சுழல்’ இம்முறையின் பெரும்பேறு. நீர் திரண்டு உள்ளிழுக்கும் விசை முழுவதும் தகட்டின் குடைவிலேயே அமைந்திருக்கிறது. இம்முறையில் உருளையைத் தள்ளும் கையின் அழுத்தம் சற்று மாறினாலும் வண்ணம் மாறும். எனவே ஒரே பதிப்பின் இரு படிகள் உடன்பிறந்தாரைப்போல ஒத்திருக்குமே தவிர, அச்சொட்டாக ஒன்றாகா. எண் இங்கே எண்ணிக்கையைச் சொல்வதோடு, அந்தப் படியின் தனியடையாளமாகவும் ஆகிறது.

தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர். எம். பழனியப்பன் சென்னை ஓவியக் கல்லூரியில் கற்றவர். லித்தோ என்னும் கல்லச்சு, எச்சிங் ஆகிய முறைகளில் எண்களையும் பறத்தலின் பாதைகளையும் வரைபடக் கோடுகளையும் கொண்டு வெளியையும் காலத்தையும் ஆராய்ந்தார். சென்னைக் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அக்காதெமி வட்டார மையத்தின் செயலாளராகவும் இருந்தார். அங்குள்ள அச்சுப் பட்டறை போன்ற பொதுப் பட்டறைகள் இக்கலைக்கு உயிர்நாடி. ஓவியர் ஒருவர் தூரிகையோடு தனித்திருக்கலாம். அச்சுப்பொறியைத் தனியே வாங்கி வைப்பது அரிது. பட்டறை இல்லாத ஊரில் அச்சோவியர் தோன்றுவதும் அரிது.

ஒன்றே இருந்தால்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுள் பலவற்றை வேறிடங்களில் தேடிப் பெற முடிந்தது. வேறு படியில்லாத ஏட்டுச்சுவடிகள் போனவை போனவைதாம். திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் அச்சானது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இன்று அதைச் சுட்டிக்காட்ட முடிவது, அச்சேறிப் பலவானதால்தான். ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 1943இல் கொழும்பில் நவீன ஓவியர் அமைப்பான ‘43 குழு’ உருவாக முன்னின்ற ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் மறு ஆண்டே மறைந்தார். அவருடைய ஒளிப்பட எதிர்மங்கள் அழிந்துபோயின. இன்று வென்டின் கலை என்று நாம் காண்பது அன்று அச்சிட்ட படிகளையும் 1950இல் வெளிவந்த நூலையுமே. அவர் எண் குறித்துப் பதிப்பை வரையறுக்கவில்லை, இழப்பே வரையறுத்தது.

நம் மாவட்டத்துக்கு 1964 டிசம்பர்ச் சூறாவளி, பல்லாண்டுப் போர், 2004 ஆழிப்பேரலை என்று அடுத்தடுத்து வந்தவை எத்தனை வீட்டுப் படங்களையும் உறுதிகளையும் கொண்டுபோயின என்று விளக்க வேண்டியதில்லை. இவ்விழப்பையே பொருளாக்கிய படைப்பு, ஓவியர் தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ (2011). ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கிய இந்நூலை ‘ரேக்கிங் லீவ்ஸ்’ பதிப்பகம் வெளியிட்டது. வடக்கில் இடம்பெயர்ந்தோர் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கோடிட்ட தரைப்படம், அதைக் கட்டடக்கலை முறையில் திருத்தி வரைந்த படம், ஓவியரின் சித்திரம் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. இது ஓவியங்களைப் பற்றிய நூலன்று, நூல்தான் படைப்பு. தரைமட்டமான வீடு தாளில் பலவாகிறது. ஒருவர் அலுமாரியில் ஒரு படி அழிந்தாலும் வீடு மீண்டும் அழியாது.

நமக்கொரு காட்சிக்கூடம்

கொழும்பில் 2019 டிசம்பரில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் முதற் காட்சியைத் திறந்தது. தலைப்பைக் கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து எடுத்து, மும்மொழியிலும் விளக்கம் வைத்தது. திருகோணமலையில் அத்தகைய மண்டபம் எழும்வரை அச்சோவியம் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஓவியம் ஒன்று ஒரு நேரத்தில் ஓரூரில்தான் தொங்கும். ஐம்பது படியுள்ள பதிப்பு திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், சென்னை, தொராந்தோ எங்கும் ஒரே வாரத்தில் காட்சிக்கு வரலாம். படிகள் தட்டையாகப் பெட்டியில் பயணிக்கும். காப்புறுதிச் செலவும் குறைவு.

கடலோர ஊரில் சில எச்சரிக்கைகள் தேவை. மாரியில் வாடைக் காற்றோடு வரும் ஈரம் தாளைப் பூக்கவைத்துப் பழுப்புப் புள்ளிகளை வருவிக்கும். உப்புப் படிவு அந்த ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். ஆகவே கச்சான் வீசும் மாதங்களே காட்சிக்கு உகந்தவை. தாள் படைப்புக்கு ஒளி 50 லக்ஸ் அளவில் போதும். காற்றின் ஈரப்பதன் 50 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நன்று. படம் கண்ணாடியில் ஒட்டாதபடி அமிலமில்லா அட்டையால் இடைவெளி விடவேண்டும். சட்டத்தின் பின்புறமும் ஈரச் சுவரைத் தொடக்கூடாது.

இவற்றுக்கு மேலே ஓர் ஏற்பாடு. அச்சிடும் நூல்களின் படிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒப்படைக்கும் நடைமுறை நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. ஓவிய அச்சுக்கும் அப்படியொரு வழக்கத்தை நாமே தொடங்கலாம். இப்பகுதி ஓவியர் எவர் பதிப்பு வெளியிட்டாலும் எண்ணிட்ட படிகளுள் மூன்றை விற்பனைக்கு வெளியே நிறுத்தவேண்டும். ஒன்று திருகோணமலைப் பொது நூலகத்துக்கு. ஒன்று மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு. ஒன்று கடல்கடந்த தமிழர் நூலகம் ஒன்றுக்கு. தகட்டைக் கீறி எடுத்த இறுதிப் படி நகரின் ஆவணமாக இங்கேயே தங்கட்டும். வாங்குபவருக்கு 7/50 என்னும் எண் முதலீட்டின் உறுதியாக இருந்துவிட்டுப் போகட்டும். இங்குள்ள நமக்கு அதன் பொருள் வேறு: மற்ற நாற்பத்தொன்பதும் எங்கெங்கே பத்திரமாக உள்ளன என்ற பொறுப்புக் கணக்கு அது. டானியலின் துறைமுகம் இலண்டனுக்காக அச்சானது. அடுத்த துறைமுகப் பதிப்பின் முதற்கணக்கு இங்கே தொடங்கவேண்டும்.