அகர வரிசையும் எல்லைக்கோடும்

நவீன முறையில் தமிழில் வந்த முதல் பொதுக் கலைக்களஞ்சியம் எதுன்னு கேட்டால், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’ என்றுதான் சொல்வேன். அதற்கு முன்பே, 1910-ல், ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வந்துவிட்டது. பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்ததால் அச்சேறிய நூல் அது. அசுர உழைப்புதான், ஆனால் ஒற்றை மனிதரின் உழைப்பு. புராணம், இலக்கியம் பக்கமே சாய்வு அதிகம்.

கழகத்தை 1946-ல் தொடங்கியவர் தி. சு. அவினாசிலிங்கம். அப்போது சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக வந்தவர் பெ. தூரன். கச்சேரிகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதிய அதே தூரன்தான்! முதல் தொகுதி 1954-ல் வெளிவந்தது, ஒன்பதாவது 1963-ல்.

எனக்குச் சுவாரசியம் இந்த இடைவெளியில்தான் இருக்கு. அகர வரிசைப்படி அச்சிடும் நூல் என்றால், ‘அ’வுக்கும் ‘வ’வுக்கும் நடுவே ஒன்பது வருஷம் ஓடிவிடுகிறது. அதற்குள் உலகம் சும்மா இருக்குமா?

எங்க ஊரையே எடுத்துக்குங்க. முதல் தொகுதி வந்த 1954-ல் மார்த்தாண்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்கள் மீது அந்த வருஷம் ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. களஞ்சியம் ‘ம’ வரிசைக்கு வந்து சேரும்போது எங்க ஊர் மாநிலமே மாறியிருந்தது. அச்சான தொகுதியைப் பிரித்துத் திருத்த முடியாது. ஈய எழுத்துக் கோத்து அடித்த காலம் அது.

இதற்கு வழியாகத்தான் 1968-ல் பத்தாவது தொகுதி, இணைப்புத் தொகுதியாக வந்தது. பலர் இதை வெறும் ஒட்டுவேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரலாறு படிக்கிறவன் முதலில் திறக்கவேண்டியது அதைத்தான். அதே தூரன் அடுத்து குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார், 1976 வரை.

எல்லாமே தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்குது. ஒரு கட்டுரையைத் திறந்தால் அந்தத் தொகுதி வெளியான ஆண்டை முதலில் பாருங்க, அப்புறம் வாசிங்க.