பனிக்கடலில் ஒரு காவற்கப்பல்

காவல் என்னும் சொல் தமிழில் இருபொருள் தாங்கி நிற்கின்றது. குற்றம் நிகழாமல் தடுப்பதும் காவல். உயிர் அழியாமல் பேணுவதும் காவல். கரையோரக் காவற்கப்பலின் கடமை இவ்விரண்டும் சேர்ந்ததே என்பதற்கு, கரடி என்னும் பொருளுடைய 'பியர்' என்ற அமெரிக்கக் கப்பல் தக்க சான்றாகும்.

அமெரிக்கக் கரையோரக் காவற்படைக்கு முன்னோடி, 1790இல் அலெக்சாண்டர் ஹாமில்டனின் முயற்சியால் பத்துக் கப்பல்களுக்கு ஒப்புதல் பெற்றுத் தோன்றிய வருவாய்க் காவற்படை. சுங்கவரி ஏய்ப்பைத் தடுப்பதே அதன் முதற்பணி. 1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா விலைக்கு வாங்கியபின், அப்படையின் பொறுப்பு வடதுருவக் கடல்வரை விரிந்தது.

'பியர்' 1874இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சீல் வேட்டைக்கெனக் கட்டப்பட்டது. பனிக்கட்டியின் மோதலைத் தாங்கவல்ல தடித்த மரவுடலும், பாய்களும், நீராவிப் பொறியும் உடையது. 1885இல் காவற்படையைச் சேர்ந்த அது, ஆண்டுதோறும் வடக்கே சென்று மதுக்கடத்தலையும் கள்ள வேட்டையையும் தடுத்தது, அஞ்சல் சுமந்தது, நோயாளருக்கு மருத்துவ உதவி அளித்தது.

வேட்டைக் கப்பல்கள் திமிங்கலங்களையும் வால்ரஸ்களையும் பெருவாரியாகக் கொன்றமையால், பூர்வ குடிகளுக்கு உணவு அருகிற்று. இதனை உணர்ந்த கப்பல் தலைவர் மைக்கேல் ஹீலி, அடிமைத்தாய் ஒருத்தியின் மகன். அவரும் கல்வி அதிகாரி ஷெல்டன் ஜாக்சனும் 1891 முதல் சைபீரியாவிலிருந்து பனிமான்களை இக்கப்பலில் கொணர்ந்து, அலாஸ்காவில் மந்தைகள் வளர வழிசெய்தனர்.

1897இல் எட்டுத் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் பாரோ முனைக்கருகே பனியிற் சிக்கின. இருநூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் பட்டினியை எதிர்நோக்கினர். உதவிக்கு விரைந்த 'பியர்' பனியைக் கடக்க இயலாத நிலையில், டிசம்பர் 16இல் ஜார்விஸ், பெர்தோல்ஃப், மருத்துவர் கால் ஆகிய மூவரைக் கரையிறக்கியது. அவர்கள் நாய்வண்டிகளில் சுமார் 1,500 மைல் பயணம் மேற்கொண்டனர். வழியில் சார்லி அன்டிசார்லுக் என்னும் பூர்வ குடியினர், தம் குடும்பத்தின் வாழ்வாதாரமான மந்தையைத் திருப்பித் தரும் உறுதியின்பேரில் கொடுத்துதவினார். வேல்ஸ் முனையின் மந்தையும் உடன் சேர்ந்தது. 1898 மார்ச் 29இல் ஜார்விஸ் பாரோ முனையை அடைந்தார். 382 மான்கள் வந்து சேர்ந்தன. கோடையில் 'பியர்' வந்து மாலுமிகளை ஏற்றிக்கொண்டது.

எம்மக்களின் உணவை வேட்டைத் தொழில் அழித்ததோ, அம்மக்கள் பேணிய மான்களே அத்தொழிலாளர்க்கு உணவாயின. மீட்டவர்க்கு 1902இல் அமெரிக்கக் காங்கிரஸ் பதக்கங்கள் வழங்கியது. மந்தையீந்தவரின் பெயரும் அவற்றோடு எண்ணப்படுதலே வரலாற்று நீதியாகும்.

1915இல் வருவாய்க் காவற்படையும் உயிர்காப்புப் படையும் இணைந்து கரையோரக் காவற்படையாயின. அதன் முதல் தலைவர், பனியில் நடந்த அதே பெர்தோல்ஃப். 'பியர்' 1963இல் இழுத்துச் செல்லப்படுகையில் அட்லாண்டிக்கில் மூழ்கியது. வரி தண்டப் பிறந்த படை உயிர் காக்கும் படையாக வளர்ந்த வரலாற்றில் அதற்குரிய இடம் பெரிது.