புகைபோக்கியை மறந்த கதை: வீட்டு எரிவாயுவும் காற்றுவழியும்

'பாய்லர்' என்னும் சொல் தமிழ் வீடுகளுக்குப் புதியதன்று. செம்புத் தகட்டால் செய்த வெந்நீர்ப் பாய்லரை முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். அதன் அடியில் கம்பித்தட்டு. குழாயைச் சுற்றி நீர். கரியையோ சிரட்டையையோ இட்டு மூட்டினால் காற்று அடியிலிருந்து ஏறும், புகை மேல்வாய் வழியே வெளியேறும், இடையில் நீர் சூடாகும். கொல்லைப்புறமோ முற்றமோதான் அதன் இடம். காற்று வரும் வழி, புகை போகும் வழி, வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முதலிரண்டும் கருவியின் வடிவத்திலும், மூன்றாவது வீட்டின் வழக்கத்திலும் அடங்கியிருந்தன.

இன்று குளியலறைச் சுவரில் தொங்கும் எரிவாயு வெந்நீர்க் கருவியில் இந்த அறிவு தொலைந்துவிட்டது. அது ஏன் தொலைந்தது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. வரலாற்றுக் கேள்வியும் ஆகும்.

விடையின் ஒரு பகுதி சட்ட வரலாற்றில் உள்ளது. இந்தியாவில் எரிவாயு உருளையை ஆளும் விதிகளின் தாய்ச்சட்டம் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். உலோகக் கலத்தில் அழுத்தியோ திரவமாக்கியோ அடைக்கப்பட்ட வாயுவையும் வெடிபொருளாகக் கருத வேண்டும் என 1938இல் அரசு அறிவித்தது. அதனடிப்படையில் 1940இல் எரிவாயு உருளை விதிகள் பிறந்தன. 1981, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் அவை புதிதாக எழுதப்பட்டன. சமையல் எரிவாயு இந்திய வீடுகளுக்குள் வந்தது அதற்குப் பின்னர்தான். 1950களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனமும், 1965இல் கல்கத்தாவில் 'இண்டேன்' என்ற பெயருடன் இந்தியன் ஆயில் நிறுவனமும் அதனை அறிமுகம் செய்தன. ஆக, விருந்தாளி வருவதற்கு முன்பே அவரை வெடிபொருளாகப் பார்க்கும் கண் இங்கே தயாராக இருந்தது.

அந்தக் கண் சிலவற்றை மிகக் கூர்மையாகக் கண்டது. உருளையின் உலோகம், அடைப்பிதழ், குறித்த காலத்தில் அழுத்தச் சோதனை, கிடங்கு, போக்குவரத்து என எல்லாவற்றிற்கும் விதி உண்டு. மணமற்ற வாயுவில் மெர்காப்டன் கலந்து கசிவை மூக்கு அறியச் செய்ததும் இந்த வரிசையில் சேரும். 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் பள்ளி வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்த பின்னரே அவ்வழக்கம் உறுதிப்பட்டது. நம் வீடுகளில் பரவிய பாடங்களும் இவ்வகையினவே: உருளையை நிமிர்த்தி வை, அடுப்பை அதைவிட உயரத்தில் வை, ரப்பர்க் குழாயை உரிய காலத்தில் மாற்று. இவை அனைத்தும் எரியாத வாயுவைப் பற்றியவை. எரிந்த வாயு எங்கே போகிறது என்ற கேள்வி இவற்றுள் இல்லை.

விடையின் மறுபகுதி சமையலறை வரலாற்றில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகையே இந்தியச் சமையலறையின் பெருங்கேடாக இனங்காணப்பட்டது. ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகையற்ற சமையலறைகளைப் பற்றி எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையில் வெளியானது. கேரளத்தில் 1980களில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 'பரிஷத் அடுப்பு' என்ற மேம்பட்ட விறகடுப்பைப் பரப்பியது. இவ்வடுப்புகளின் உயிர்நாடி புகைபோக்கி. பின்னர் எரிவாயு வந்தது. கண் எரியவில்லை, சுவர் கறுக்கவில்லை. புகை போனதும் புகைபோக்கியும் தேவையற்றதாயிற்று என மக்கள் எண்ணினர். அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் புகை என்பது எரிதலின் கழிவுகளில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மெர்காப்டனும் தீயில் எரிந்துபோவதால் அந்த எச்சரிக்கையும் கிட்டாது. குருதியின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைகிறது. தலைவலி, மயக்கம், மரணம் என்பது அதன் வரிசை.

இதனைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். 10 கிலோவாட் திறனுள்ள சிறிய வெந்நீர்க் கருவி மணிக்கு 800 கிராம் அளவில் எரிவாயுவைச் செலவிடும். அதாவது மணிக்குச் சுமார் 10 கன மீட்டர் காற்று. இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட குளியலறையின் மொத்தக் காற்றும் அவ்வளவே. அடைத்த அறையில் கால் மணி நேரம் எரிந்தாலே ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஆக்சிஜன் குறையக் குறையத் தீ அரைகுறையாக எரியும். அப்போதுதான் நச்சு பிறக்கிறது. கருவியில் பழுதே இருக்க வேண்டியதில்லை. கதவு சாத்தியிருப்பதே போதும்.

இக்கணக்கின் விலையைத் திருவனந்தபுரம் அறியும். 2020 சனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில் விடுதி அறையொன்றில் தங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தனர். நால்வர் குழந்தைகள். ஐவர் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர். மூவர் கோழிக்கோட்டுக் குடும்பத்தினர். குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னல்களையும் அடைத்த அறையில் எரிவாயு வெப்பமூட்டி எரிந்துகொண்டிருந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. அங்கே உருளை வெடிக்கவில்லை. வெடிபொருள் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே எதுவுமே நிகழவில்லை.

குளிர்நாடுகள் இப்பாடத்தை எவ்வாறு கற்றன? பிரிட்டனில் 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் சமையல் அடுப்பின் இணைப்பில் ஏற்பட்ட கசிவு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. அதையொட்டிய ஆண்டுகளில், பொருத்துநர்களுக்கான பதிவமைப்பு 1970இலும், எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் 1972இலும் வந்தன. தொடக்கம் அங்கேயும் வெடிப்பே. ஆயினும் விதிகள் அங்கே நிற்கவில்லை. குளியலறையில் எரிவாயுக் கருவி பொருத்துவதானால், அது அறைக்காற்றைத் தொடாமல் வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே கழிவை விடும் மூடிய வகையாக இருக்க வேண்டும் என 1998ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிடுகின்றன. நம் செம்புப் பாய்லரைக் கொல்லையில் வைத்த அதே தருக்கந்தான் அது, சட்டமொழியில் எழுதப்பட்டுள்ளது.

இவ்வரலாறு இப்போது நம் நகரத்தில் அவசரத் தன்மை பெறுகிறது. ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்கள் ஒரே புவியியல் பகுதியாக நகர எரிவாயுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. பெருங்குழாய் தென்கேரளத்தை எட்டாத நிலையில், திரவ இயற்கை எரிவாயு லாரிகளில் கொண்டுவரப்பட்டு இங்கே ஆவியாக்கப்படுகிறது. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், சாக்கடையில் இறங்கும். இயற்கை எரிவாயு இலேசானது, கூரையடியில் சேரும். முன்னதற்குத் தரையோரத்தில் துளை வேண்டும், பின்னதற்கு மேலே. எரிமுனைத் துளையின் அளவும் வேறு: இயற்கை எரிவாயுவுக்கான பெரிய துளையில் சமையல் எரிவாயுவைச் செலுத்தினால் காற்று போதாமல் கரியும் நச்சும் பிறக்கும். பிரிட்டன் 1967 முதல் 1977 வரை வீடு வீடாகச் சென்று எரிமுனைகளை மாற்றியது இதனால்தான்.

எனவே பாதுகாப்பான பொருத்துதல் என்பதை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். தீக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? எரிந்தது எவ்வழியே வெளியேறுகிறது? பொருத்தியவர் அதற்குப் பயின்றவரா? வெந்நீர்க் கருவி குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் இருத்தல். எவராலும் அடைக்க இயலாத நிலையான காற்றுத்துளை. கழிவுக்குழாய் வானம் பார்த்த இடத்தில் முடிதல். மஞ்சள் சுடரைப் பழுதின் அடையாளமாகக் கருதுதல். கசிவென்றால் 1906 என்ற எண்ணை அழைத்தல். இவை எளியவை. மழைக்காலத்துக்கு அஞ்சியும் கொசுவுக்கு அஞ்சியும் சன்னல்களை மூடும் இன்றைய அடுக்ககங்களில் இவற்றைக் கடைப்பிடிப்பதே அரிது.

சமூக வரலாறு பயிலும் மாணவர்கள் இத்துறையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். கட்டட விதிகள், வரைபடங்கள், வீட்டுப் பெண்களின் வாய்மொழி, பாத்திரக்கடைக் கணக்குகள் யாவும் நமக்குச் சான்றுகளே. ஒரு சமூகம் தன் வீட்டிலிருந்து எப்போது, யாருடைய தீர்மானத்தால் புகைபோக்கியை அகற்றியது என்பதை நாம் இன்னும் எழுதவில்லை. அதை எழுதினால், எங்கெங்கே மீண்டும் துளையிட வேண்டும் என்பதும் தெரியவரும்.