விடை சொன்னவர் யார்?

1770-ஆம் ஆண்டில் வியன்னா அரண்மனையில், பேரரசி மரியா தெரெசாவின் முன்னிலையில், கெம்பலன் என்னும் ஹங்கேரியர் ஒரு விந்தைப் பொருளைக் கொண்டுவந்து நிறுத்தினார். துருக்கியர்போல் உடையணிந்த பொம்மை. அதன் முன்னே ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சதுரங்கப் பலகை. கதவைத் திறந்து காட்டினால் பற்சக்கரங்களே கண்ணிற்படும். பொம்மையோ தானே காய்களை நகர்த்தி, எதிரே அமர்ந்தவர்களைத் தோற்கடித்தது. உள்ளே ஓர் ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார் என்பதே அதன் இரகசியம்.

மாணவ நண்பர்களே, இந்தப் பழங்கதையை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. இணையத்தின் வழியே சிறு வேலைகளைச் சிறு கூலிக்குச் செய்விக்கும் சந்தை ஒன்றை 2005-இல் அமெசான் நிறுவனம் தொடங்கியபோது, அந்தப் பொம்மையின் ஆங்கிலப் பெயரான 'மெக்கானிக்கல் டர்க்' என்பதையே அதற்குச் சூட்டியது. உளநூல் அறிஞர்கள் அங்கே விரைந்தனர். தம் வகுப்பு மாணவர்களையே நம்பியிருந்தவர்களுக்கு, சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோரின் விடைகள் கிடைத்தன. பொம்மைக்குள் மனிதன் இருந்த காலம் போய், மனித வேடத்துக்குள் இயந்திரம் இருக்குமோ என்று அஞ்சும் காலம் அப்போதுதான் பிறந்தது.

பொய் விடை இணையத்தோடு பிறந்ததன்று. வீடு வீடாகச் செல்ல வேண்டிய களப்பணியாளர், மர நிழலில் அமர்ந்து தாமே படிவங்களை நிரப்பிவிடுவது பழைய வழக்கம். 1945-இல் லியோ கிரெஸ்பி என்ற அமெரிக்க உளநூலார் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏமாற்றுபவரின் ஒழுக்கத்தைவிட அவருடைய மனச்சோர்வே முதற்காரணம் என்பது அவர் கொள்கை. நீண்ட வினாநிரலும் குறைந்த கூலியும் நேர்மையானவரையும் தளரச் செய்யும் என்றார். நான் அதை முழுமையாக ஏற்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு ஓர் அழகிய விடை கிடைத்தது. 1937 முதல் வங்காளத்தின் சணல் விளைச்சலை மதிப்பிடும் பணியில் பேராசிரியர் மகலனோபிஸ் ஈடுபட்டார். வயல்களைச் சென்று பார்ப்பவர்கள் பலர். அத்தனை பேரையும் கண்காணிப்பது இயலாத காரியம். எனவே ஒரே நிலப்பரப்பிலிருந்து இரு மாதிரித் தொகுதிகளைத் தனித்தனியே எடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைத்தார். இரண்டு முடிவுகளும் நெருங்கி வந்தால் கணக்கை நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை புகுந்துள்ளது. யாரையும் கள்வரென்று சந்தேகிக்காமலே பிழையின் அளவைக் காட்டும் முறை இது.

இணையத்திலோ காவல் வேறு வழியில் சென்றது. கோணல் மாணலான எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, மனிதனையும் இயந்திரத்தையும் பிரித்தறியும் 'கேப்சா' சோதனையைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2000-த்தை ஒட்டி உருவாக்கினர். 2014-இல் இயந்திரமே அவ்வெழுத்துகளை மிகத் துல்லியமாகப் படித்துவிடுவதாகக் கூகுள் அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத வினா ஒன்றை மறைத்து வைப்பதும் ஒரு தந்திரம். மனிதர் அதைக் காணார். பக்கத்தின் நிரலைப் படிக்கும் இயந்திரமோ அதையும் நிரப்பி அகப்பட்டுக்கொள்ளும். 'இவ்வினாவுக்கு மூன்றாம் விடையைக் குறிக்க' என்று இடையில் சொருகிக் கவனத்தைச் சோதிப்பதும் உண்டு. ஆனால் 2025-இல் டார்ட்மத் கல்லூரி ஆராய்ச்சியாளர் ஒருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அமைத்த போலி விடையாளர், இத்தகைய கவனச் சோதனைகளில் ஏறக்குறைய அனைத்தையும் தாண்டிவிட்டது.

2018-ஆம் ஆண்டின் கோடையில் நிகழ்ந்ததை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பலருடைய விடைத்தாள்களில் ஒரே புவியிடக் குறி திரும்பத் திரும்ப வந்தது. கருத்து எழுதக் கேட்ட இடங்களில் 'நன்று', 'நல்லது' என்று பொருந்தாச் சொற்கள் நின்றன. இயந்திரங்கள் புகுந்துவிட்டன என்ற கூக்குரல் எழுந்தது. ஆராய்ந்தபோது, அவற்றுட் பெரும்பகுதி மனிதர் கைவேலையாகவே தோன்றிற்று. அமெரிக்கர்க்கு மட்டும் திறந்த ஆய்வுகளில் நுழைவதற்காகப் பிற நாட்டினர் பலர், வாடகைக் கணினிகளின் வழியே தம் இருப்பிடத்தை மறைத்திருந்தனர். பெட்டியைத் திறந்தால் மீண்டும் உள்ளே மனிதர்!

எனக்கும் ஒரு பட்டறிவு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள், நூலகப் பழக்கத்தைப் பற்றி இணையத்தில் வினாநிரல் ஒன்றை வெளியிட்டு, விடை தருவோருக்குப் பரிசுச் சீட்டும் அறிவித்தனர். ஒரே இரவில் விடைகள் வெள்ளமெனப் புகுந்தன. ஒருவரிடமே இருந்து வந்தவை என்று பலவற்றை எளிதில் கண்டுகொண்டோம். ஒரே வாக்கியம் எழுத்துப் பிழையோடு நாற்பது இடத்தில் நின்றது. அந்த ஊக்கத்தில், ஒரே இணைய முகவரியிலிருந்து வந்த விடைகள் அனைத்தையும் அடித்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து ஒரு மாணவி என் அறைக்கு வந்து, தம் விடுதித் தோழியருள் ஒருவருக்கும் நன்றிக் கடிதம் வரவில்லையே என்று கேட்டார். விடுதி முழுவதற்கும் ஒரே இணைய இணைப்பு. நூலகத்தை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் அவர்களே. அடித்த விடைகளை அன்று மாலையே ஒவ்வொன்றாக மீட்டெடுத்துப் படிக்கத் தொடங்கினோம்.